முதுகில் ஒட்டியவள் யார்?

அத்தியாயம் - 4

"மேடம், நீங்க என் கையப் புடிச்சிருக்கீங்களா, இல்ல ஓடிப்போற திருடனப் புடிச்சிருக்கீங்களா?" என்றான் தாமாகி.

கனாயோ பிடியைத் தளர்த்தவில்லை. புருஷனின் கழுத்துக்குப் போய்ச் சேர வேண்டியது இந்தப் பையனின் முழங்கைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

கசுமிதை மலர்ப் பூங்காவின் வாசலில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. குளிர்காலத்தில் இந்தப் பூங்காவில் ஒரு பூ கிடையாது. அதற்குப் பதிலாகக் கொடிக்கும் செடிக்கும் குளத்துக்கும் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, இருட்டியதும் ஏற்றிவிடுவார்கள். அதைப் பார்க்க கும்மா மாகாணமே ஜோடி ஜோடியாகக் கிளம்பி வரும். கும்மாக்காரர்களைப் பற்றி வெளியூரில் ஒரு சொல் உண்டு. அங்கே பலமாக அடிப்பது இரண்டே இரண்டுதானாம்: மலைக்காற்று ஒன்று, பெண்டாட்டி அதிகாரம் இன்னொன்று. அன்றைக்கு மலைக்காற்று தன் பங்கை ஒரு குறையும் இல்லாமல் செய்தது. அதிகாரம் செய்ய வேண்டிய கனாயோதான் நெஞ்சுக்குள் அடுப்பெரிய, வாடகைக்கு எடுத்த மாதிரி ஒரு வாலிபனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தாள்.

தன் உதவியாளன் தாமாகியோடு ஜோடி மாதிரி நுழைந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பது முரோயின் ஏற்பாடு. இசேசாக்கி ரயில் நிலையத்துக்கு எதிரே துப்பறியும் அலுவலகம் நடத்தும் முரோய் சயோகோ, முன்பு பெரிய துணிக்கடை ஒன்றில் மப்டியில் சுற்றித் திருட்டுக் கைகளைப் பிடித்தவர். ஐம்பத்தைந்து வயது. எந்தக் கூட்டத்தில் விட்டாலும் கரைந்துபோகிற முகம். இப்போதும் யாரோ ஒரு பெரியம்மாள் போல இவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் மேடத்தோட வீட்டுக்காரர் பின்னாலயே இங்க தனியா வந்தேன் பாஸ்," என்று தாமாகி திரும்பாமலே சொன்னான். "டிக்கெட் குடுக்கற பொண்ணு 'ஒருத்தர்தானா?'ன்னு கேட்டா பாருங்க. எங்க அம்மாகூட என்ன அவ்வளவு பரிதாபமா பார்த்ததில்ல."

"அந்தப் பரிதாபத்துல ஆளத் தவற விட்டுட்ட."

"தவற விட்டது பத்து நிமிஷம் கழிச்சு. அதுக்கு முன்னால பார்க்க வேண்டியதப் பார்த்துட்டேன்."

அவன் பார்த்தது இதுதான். ஜன்னல் சட்டம் செய்யும் கம்பெனியில் வேலை முடிந்து கிளம்பிய தொகுஜி வீட்டுக்குப் போகவில்லை. இந்த வாசலுக்கு வந்தார். இங்கே காத்திருந்த குட்டை முடிக்காரி ஒருத்தியுடன் உள்ளே போனார். தொகுஜி, கனாயோவின் புருஷன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இன்றைக்கு அந்தக் குட்டை முடியைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் நேரே தகாசாக்கியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயில் ஏறிவிடுவதாகக் கனாயோ முடிவு செய்திருந்தாள். துணிப்பெட்டி ஏற்கெனவே ரயில் நிலைய லாக்கரில் இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க கனாயோம்மா," என்றார் முரோய். "அந்தச் சூட்டுப் பட்டை."

சொல்லச் சொல்லக் கனாயோவுக்கு மறுபடி பற்றிக்கொண்டது. குளிருக்கு உள்சட்டையில் ஒட்டிக்கொள்கிற சாதாரணச் சூட்டுப் பட்டைதான். மருந்துக் கடையில் கட்டுக் கட்டாக விற்கிறது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் துணி துவைக்கப் போட்டபோது புருஷனின் உள்சட்டையில் அது இருந்த இடம் சாதாரணமில்லை.

"ரெண்டு தோள்பட்டைக்கும் நட்ட நடுவுல," என்றாள். "கோணாம, நாலு மூலையும் அழுத்தி ஒட்டியிருந்துச்சு. அந்த மனுஷனுக்கு முதுகு அரிச்சா சொறியறதுக்கே நான் வேணும்."

"சட்டையக் கழட்டி மேஜை மேல விரிச்சு அவரே ஒட்டியிருக்கலாம்ல?" என்றான் தாமாகி.

"அப்ப சட்டைய எங்க கழட்டினாரு?"

பொறாமைக்காரியிடம் சமாதானம் சொல்வது எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற வேலை என்று தாமாகிக்குப் புரிந்துவிட்டது.

"நான் எப்பவும் இடுப்புலதான் ஒட்டுவேன்," என்றாள் கனாயோ. "கல்யாணமான முதல் குளிர்காலத்துலேர்ந்து இடுப்புலதான். எவளோ ஒருத்தி எனக்கும் மேல போயிருக்கா."

"புதன்கிழமையானா லேட்டா வர்றதுக்கு அவர் சொல்ற காரணம்?" என்றார் முரோய்.

"ஓவர்டைமாம்."

முரோய் தேநீரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அதுதான் எனக்கு இடிக்குது. அந்தக் கம்பெனியில புதன்கிழமை ஓவர்டைமே கிடையாது. மணி அடிச்சதும் விளக்க அணைச்சு எல்லாரையும் வீட்டுக்குத் துரத்திடறாங்க. வாரத்துல பாக்கி நாள் எல்லாம் இருக்க, ஓவர்டைம் இல்லாத ஒரே நாளாப் பார்த்து ஓவர்டைம்னு சொல்லியிருக்காரு. பழம் தின்னு கொட்டை போட்டவன் பூட்டியிருக்கற கடையில சாமான் வாங்கினேன்னு சொல்லமாட்டான்."

"கத்துக்குட்டி துரோகம் பண்ணாலும் துரோகம் துரோகம்தான்," என்றாள் கனாயோ. "புதன்கிழமை எனக்கு ஹூலா நடன வகுப்பு. நான் வீட்ல இல்லாத நாளாப் பொறுக்கியிருக்காரு. அதுல மட்டும் கெட்டிக்காரத்தனம்."

டிக்கெட் ஜன்னல் வந்துவிட்டது. உள்ளே இருந்த பெண் கனாயோவையும் தாமாகியையும் மாறி மாறிப் பார்த்தாள். வயசு வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுவிட்டு, அதை முகத்தில் காட்டாமல் ரொம்ப மரியாதையாக இரண்டு டிக்கெட் கொடுத்தாள்.

"அக்கா தம்பின்னு சொல்லியிருக்கலாம்," என்று முணுமுணுத்தாள் கனாயோ.

"அக்காவும் தம்பியும் புதன்கிழமை சாயங்காலம் விளக்குப் பார்க்க வரமாட்டாங்க மேடம். வீட்ல இருந்து சண்டை போடுவாங்க."

உள்ளே நுழைந்ததும் கூட்டம் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. குளத்தைத் தாண்டியதும் ஃபுஜி என்கிற பூங்கொடி படர்ந்த பெரிய பந்தல். வசந்தத்தில் பூச்சரங்கள் தொங்குகிற இடத்தில் இப்போது ஊதா விளக்குச் சரங்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, காற்றில் மெல்ல ஆடின. கீழே நின்றவர்களின் முகமெல்லாம் ஊதா. எல்லோரும் அண்ணாந்து, வாயைத் திறந்து, ஆகா ஆகா என்றார்கள்.

நவம்பரில் கனாயோ தொகுஜியைக் கூப்பிட்டிருந்தாள். இந்தப் பந்தலைப் பார்க்கத்தான். "விளக்குப் பார்க்கணும்னா கூடத்துல இருக்கே, ஸ்விட்சப் போடு," என்று செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். கடைசியில் அவள் தனியாகத்தான் வந்தாள். அப்படிப்பட்ட மனுஷன் இப்போது பந்தலின் நடுத்தூண் பக்கம் நீலக் கோட்டுடன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் குட்டை முடி.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். அழகி என்று சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அழகியாக இருந்தால் ஆம்பளை புத்தி என்று திட்டிவிட்டுப் போகலாம். அழகில்லாதவளிடம் போனான் என்றால் வேறு என்னவோ அவளிடம் இருக்கிறது, அது தன்னிடம் இல்லை என்றல்லவா ஆகிறது!

அந்தப் பெண் கடையிலிருந்து சூடான இனிப்பு அரிசிப் பானம் இரண்டு கோப்பை வாங்கி வந்தாள். ஒன்றின் மூடியைத் திறந்து, ஆவி அடங்கும்வரை வைத்திருந்து, அப்புறம் தொகுஜியிடம் கொடுத்தாள்.

"அவரு நாக்கு சூடு தாங்காது," என்றாள் கனாயோ. "அதுகூட அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"மேடம், என் கைக்கு ரத்தம் போகல," என்றான் தாமாகி.

அதற்குள் குட்டை முடிக்காரி பையிலிருந்து ஒரு சூட்டுப் பட்டையை எடுத்தாள். உறையைக் கிழித்தாள். தொகுஜியின் கோட்டுக் காலரைப் பின்னாலிருந்து இழுத்து, கையை உள்ளே விட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்து நான்கு தட்டுத் தட்டினாள். தொகுஜி சலூன் நாற்காலியில் உட்கார்ந்த பையன் மாதிரித் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றார்.

கனாயோ பாய்ந்தாள். ஆனால் எங்கிருந்தோ வந்த முரோயின் தோள் அவளுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது.

"விடுங்க! அவ கையி அவரு சட்டைக்குள்ள..."

"ஒரே நிமிஷம். தாமாகி, திரும்பி நில்லு."

முரோய் தாமாகியின் மப்ளரைத் தள்ளி, காலரை இழுத்துக் காட்டினார். உள்ளே, இரண்டு தோள்பட்டைக்கும் நட்ட நடுவில், கோணாமல், மூலை அழுத்தி ஒரு சூட்டுப் பட்டை.

கனாயோ அதைப் பார்த்தாள். முரோயைப் பார்த்தாள். மறுபடி பட்டையைப் பார்த்தாள்.

"சாயங்காலம் ஆபீஸ்ல நான் ஒட்டினது," என்றார் முரோய். "எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க."

"பயப்பட வேண்டியது நான்," என்றான் தாமாகி. "ஐஸ் மாதிரிக் கை."

"இடுப்புல ஒட்டினா கார்ல சாஞ்சு உக்கார்ந்து காவல் இருக்கும்போது தோலு வெந்துடும். வெளிய நின்னா காத்து புகற இடம் பின்கழுத்துதான். அதனால எங்க தொழில்ல மேலதான் ஒட்டுவோம். பெண்டாட்டி இடுப்புல ஒட்டுவா. காதலி ஒட்டவே மாட்டா. கட்டிப் புடிச்சாலே சூடு கிடைக்கும்போது அவளுக்குப் பட்டை எதுக்கு?"

"இன்னும் ஒண்ணு. சுத்திப் பாருங்க," என்றார் முரோய். "இங்க இருக்கற அத்தனை பேரும் அண்ணாந்து நிக்கறாங்க. அந்தப் பொண்ணு ஒருத்திதான் நேராப் பார்க்கறா. வர்றவங்க போறவங்க முகத்தையே பார்க்கறா. உங்க வீட்டுக்காரரும் அதையேதான் செய்யறாரு. ஒருத்தர ஒருத்தர்கூடப் பார்த்துக்கல."

"அப்ப அவ நம்ம இனமா பாஸ்?"

"இனமா? அந்தத் தட்டு நான் சொல்லிக் குடுத்த தட்டு. முடிய வெட்டியிருக்கா, அதான் சட்டுன்னு தெரியல. நெமோதோ."

தாமாகியின் முகம் சுருங்கியது. நெமோதோ அவனுக்கு முன்னால் முரோயிடம் வேலை பார்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனிக்கடை போட்டுப் போய்விட்டாள். "'நெமோதோ இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா'ன்னு தினம் எனக்குப் பூஜை பண்றீங்களே, அந்த நெமோதோவா? அவ தட்டுன தட்டு எனக்கு ஒண்ணும் பிரமாதமாத் தெரியல."

கனாயோவுக்கு மூச்சு வந்தது. காதலி இல்லை. கூலிக்கு வந்தவள். அடுத்த நொடியே இன்னொரு சந்தேகம் முளைத்தது. பொறாமை அவ்வளவு சீக்கிரம் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிற விருந்தாளியா என்ன?

"துப்பறியற பொம்பளகூட இவருக்கு என்ன வேலை?"

முரோய் பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார்.

"குடும்பஸ்தன் எங்க மாதிரி ஆளத் தேடி வந்தா அனேகமா ஒரே காரணம்தான் கனாயோம்மா, வீட்ல யார் மேலயோ சந்தேகம். உங்க வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டே பேரு."

"அதுல ஒருத்தர் அவரு."

கனாயோ அதை மெல்லக் கணக்குப் போட்டாள். போட்டு முடிக்கும்போது தன் கை இன்னும் தாமாகியின் கையைக் கோத்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. உருவ முயன்றாள். அதற்குள் தூண் பக்கமிருந்து காமிராவின் 'க்ளிக்' கேட்டது. நெமோதோ கடமையைச் செய்துவிட்டாள்.

"கனாயோ!"

தொகுஜியின் கோப்பை கீழே விழுந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து எதிரே நின்றார். சட்டென்று குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன். அதனால் வந்த குரல் பாதியிலேயே கிறீச்சிட்டது. தாமாகியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அழுகிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியாத முகத்தோடு கேட்டார்:

"இன்னொருத்தனா?"

சுற்றி நின்றவர்கள் நாகரிகமாக இன்னும் உயரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னொருத்தனாவா?" என்றாள் கனாயோ. "அப்ப முதல் ஒருத்தன் யாருங்க?"

"என்கிட்டயே கேக்கறியா? வா. நீயே வந்து பாரு."

அவர் விறுவிறுவென்று நடந்தார். வெளிவாசலுக்குப் போகிற வழியில், வேலி மறைவில், ஒரு பலகை நிறைய புகைப்படங்கள் தொங்கின. மேலே 'நல்ல தம்பதி நாள் - நவம்பர் 22' என்று பூப்போட்ட எழுத்து. இரண்டாவது வரிசையில் கனாயோ இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். அவளை ஒட்டி, வட்டத் தொப்பியும் நரைத்த தாடியுமாக, பார்க்கப் பணக்காரச் சித்திரக்காரர் மாதிரி ஒரு மனுஷர். அவரும் இரண்டு விரல். கீழே 'என்றும் இனிதே வாழ்க!'

"கணக்குப் பிரிவு ஆளு இங்க வந்துட்டு ஆபீசுக்கு பிஸ்கட் வாங்கிட்டு வந்தான்," என்றார் தொகுஜி. "எல்லார் முன்னாலயும் கேட்டான். 'உங்க சம்சாரம் போட்டோ பார்த்தேன், கூட நிக்கறது மாமனாரா?'ன்னு. ஆமான்னு சொன்னேன். உங்க அப்பா செத்து எட்டு வருஷம் ஆச்சு கனாயோ. அந்த பிஸ்கட் எனக்குத் தொண்டையில இறங்கல."

"ஐயோ! அந்தாளு பேருகூட எனக்குத் தெரியாதுங்க!"

"பேரு தெரியாதவன்கூட நல்ல தம்பதியா?"

"அன்னிக்குத் தம்பதியா வந்தா பாதி விலை! நான் தனியா நிக்கறேன், எனக்கு முன்னால அவரும் தனியா நிக்கறாரு. 'ரெண்டு பேரும் தம்பதிதானே?'ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. அவரு என்னப் பார்த்தாரு, நான் அவரப் பார்த்தேன். ரெண்டு பேரும் தலைய ஆட்டிட்டோம். உள்ள வந்ததும் போட்டோ எடுத்தாங்க. குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு அவரு ஒரு பக்கம் போனாரு, நான் ஒரு பக்கம் போனேன். அதக் கொண்டுவந்து இங்க தொங்கவிடுவாங்கன்னு நான் கண்டேனா?"

"அந்தக் கருமித்தனம் நிஜம் பாஸ்," என்று தாமாகி முரோயின் காதில் சொன்னான். "கட்டுக்கதைல யாரும் பாதி விலை கேக்கமாட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் தொகுஜி.

"எப்படிச் சொல்றது? கூப்பிட்டதுக்கு வரமாட்டேன்னுட்டீங்க. தனியாப் போயி, பாதி டிக்கெட்டுக்காக எவரையோ புருஷன்னு சொல்லிட்டு வந்தேன்னு வீட்டுக்கு வந்து ஒப்பிக்கணுமா?" கனாயோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சந்தேகம்னா என் பின்னால ஆள விட்டிருக்கலாம்ல? ஹூலா ஆடிட்டு நேரா வீட்டுக்கு வர்றதப் பார்த்திருப்பாங்க."

தொகுஜி தரையைப் பார்த்தார். "நெமோதோவும் அதத்தான் சொன்னாங்க. உன் பின்னாடி யாரோ ஒருத்தர நடக்க விட எனக்கு மனசு வரல. ஆளு யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னேன். தாடிக்காரர் அடிக்கடி புதன்கிழமை வருவாருன்னு டிக்கெட் பொண்ணு சொல்லிச்சு. அதான் நாலு வாரமா நிக்கறோம்."

அந்தப் பக்கம் நெமோதோ வந்து பழைய முதலாளிக்குத் தலை வணங்கினாள்.

"வாடிக்கையாளரையே கூட்டிட்டுக் காவலுக்கு வரலாம்னு நானா சொல்லிக் குடுத்தேன்?" என்றார் முரோய்.

"நீங்களும் கூட்டிட்டுதானே வந்திருக்கீங்க பாஸ்?"

"அவ சொல்றது நியாயம்தான்," என்றான் தாமாகி. சொல்லிவிட்டு, அவளோடு சேர்ந்துகொண்டதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டான்.

எல்லாம் தீர்ந்துவிட்டது. கேஸ் முடிந்தது என்று முரோய் பிளாஸ்கைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் கனாயோ நகரவில்லை. தாடிக்காரர் போனார், காதலி போனாள், ஆனாலும் நெஞ்சில் ஒரு முள் அப்படியே குத்திக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் உண்மையில் குத்தியது இதுதானோ என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"நான் கூப்பிட்டேன், நீங்க வரல," என்றாள். "சந்தேகம் கூப்பிட்டுச்சு, நாலு தடவ வந்தீங்க. அவ காசு வாங்கிட்டுத்தான் நின்னா, ஒத்துக்கறேன். ஆனா நான் உங்ககூடப் பார்க்கணும்னு ஆசப்பட்ட விளக்க எல்லாம் நீங்க அவ பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்க. அத நான் பொறுத்துக்கமாட்டேன். எனக்கு அக்கா வீடு இருக்கு."

"நான் எதையும் பார்க்கல கனாயோ."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்குப் பொய் வராது."

"சத்தியமாப் பார்க்கல. தாடி வச்ச ஆளுங்க முகத்தத் தவிர எதையும் பார்க்கல."

கனாயோ அவர் கண்ணையே பார்த்தாள். பந்தல் வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தது.

"அப்ப சொல்லுங்க. நாலு வாரமா நீங்க நின்ன பந்தல்ல விளக்கு என்ன நிறம்?"

தொகுஜி யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். உதவிக்கு நெமோதோவைப் பார்க்கப் போய், அது ஆபத்து என்று புரிந்து சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார். தாமாகி வாயைக் குவித்து 'ஊ' என்று காட்டிப் பார்த்தான். அவர் அதையும் கவனிக்கவில்லை.

"மஞ்சளா?" என்றார் கடைசியில், வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி.

தாமாகி தலையில் அடித்துக்கொண்டான். கனாயோவுக்கோ வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷன் அவளுக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறார். ஒன்றுகூட இவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை.

"ஊதா," என்றாள், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே. "வாங்க, காட்டறேன்."